வீட்டை விற்பவர்கள் படத்தில் கஞ்சத்தனம் காட்டலாமா?

"வீட்டைக் கட்டிப் பார், கலியாணத்தைச் செய்து பார்" என்று சொல்லிவைத்த நம் முன்னோர் "வீட்டை விற்றுப் பார்" என்று சொல்லவில்லை. அவர்களுக்கு அந்தத் தேவை அதிகம் ஏற்படவில்லை என்பதே காரணமாக இருக்க வேண்டும். யாழ்ப்பாணத்தில் வீடு என்பது பெரும்பாலும் மகளுக்குச் சீதனமாக எழுதப்படும் சொத்தாகவே இருந்தது. அபூர்வமாக விற்க நேர்ந்தாலும், வாங்குபவர் அயலவராகவோ உறவினராகவோ இருப்பார். அறைகள் எத்தனை, கிணற்றுத் தண்ணீர் எப்படி, மாரி மழைக்கு எந்த மூலை ஒழுகும் என்பதெல்லாம் விற்பவரைவிட அவருக்கு நன்றாகத் தெரிந்திருக்கும். அங்கே படத்துக்கு என்ன வேலை?

இன்றைய நிலை வேறு. வீட்டின் சொந்தக்காரர் ரொறன்ரோவில் இருக்கிறார். வாங்க விரும்புபவர் லண்டனிலோ சூரிச்சிலோ கொழும்பிலோ இருக்கிறார். தரகர் கோண்டாவிலில் இருக்கிறார். வீடு மட்டும் கொக்குவிலில் ஓர் ஒழுங்கைக்குள் பூட்டிக் கிடக்கிறது. இவர்கள் எல்லோரையும் முதலில் இணைப்பது தொலைபேசித் திரையில் தெரியும் நாலைந்து படங்களே. அந்தப் படங்களின் தரத்தைப் பற்றித்தான் இன்று எழுத வேண்டியிருக்கிறது.

காணி, வீடு விற்பனை விளம்பரங்களைத் தவறாமல் பார்க்கும் பழக்கம் எனக்கு உண்டு. பத்திரிகைத் தொழிலில் காலத்தைக் கழித்தவனுக்கு ஊரின் போக்கை அறிய அதுவும் ஒரு வழி. அங்கே காணும் படங்கள் பெரும்பாலும் ஒரே வகையானவை. பூட்டிய கேற் ஒன்று, சற்றுச் சாய்ந்தபடி. நண்பகல் வெயிலில் கண் கூசும் மதில். யன்னல் வெள்ளையாய் எரிந்துபோக, மற்றெல்லாம் இருண்டு கிடக்கும் ஹோல். கொடியில் காயும் சாரம். குளியலறையில் உடைந்த வாளி. சில வேளைகளில் ஒரே படம் இரண்டு தடவை. இவற்றின் கீழே கோடிக் கணக்கில் விலை போடப்பட்டிருக்கும்.

நமது சமூகம் படத்துக்குப் பணம் செலவழிக்கத் தெரியாத சமூகமா என்றால், அப்படியும் இல்லை. ஒரு சாமத்திய வீட்டுக்கு இரண்டு படப்பிடிப்பாளர்கள், ஒரு வீடியோக்காரர், மேலே பறக்கும் ட்ரோன், தூக்க முடியாத அல்பம் என்று இலட்சக் கணக்கில் கொடுக்கிறோம். அதே குடும்பம் தலைமுறைச் சொத்தை விற்க முன்வரும்போது, தரகர் மோட்டார் சைக்கிளில் இருந்து இறங்காமலே எடுத்த படத்தோடு திருப்திப்பட்டுவிடுகிறது. வாழ்நாளில் செய்யும் மிகப் பெரிய கொடுக்கல் வாங்கலுக்குச் செலவு ஆயிரம் ரூபாய்கூட இல்லை. இந்த முரணை நினைத்து நான் பல தடவை வியந்திருக்கிறேன்.

சொற்களால் விற்ற காலம்

அச்சுக் கோத்த காலத்தில் வீட்டு விளம்பரத்துக்குப் படம் போடுவதை எவரும் நினைத்தும் பார்க்கவில்லை. சிறு விளம்பரங்களுக்குச் சொல்லை எண்ணிக் கட்டணம் அறவிட்டார்கள். படம் போடுவதானால் நாகத் தகட்டில் புளொக் செய்ய வேண்டும். அதற்குத் தனிச் செலவு. பத்திரிகைத் தாளுக்கு ஏற்றபடி ஓர் அங்குலத்துக்கு 65 கோடுகள் என்ற அளவில் படம் புள்ளிகளாக உடைக்கப்படும். அதில் அமைச்சரின் முகம் தெரிவதே பெரிய காரியம்; வீட்டின் ஓடு எங்கே தெரியப்போகிறது?

ஆகவே சொற்களே படங்களாக இருந்தன. "நல்ல தண்ணீர்க் கிணறு", "தார் வீதிக்கு அண்மை", "நாற்சார் வீடு", "சுற்று மதில்", "பயன்தரு மரங்கள்" என்ற நாலு சொல்லில் வாசகர் ஒரு வளவை மனதில் கட்டி எழுப்பினார். அந்தச் சொற்களுக்குப் பொருள் இருந்தது. பொய் சொன்னால் ஊரில் தெரிந்துவிடும் என்ற பயமும் இருந்தது.

இன்று படம் போடச் செலவே இல்லை. இக்மன் போன்ற இணையச் சந்தைகள் 2012 இற்குப் பின் இலங்கையில் பரவியதிலிருந்து, படமில்லாத விளம்பரத்தை எவரும் திறந்து பார்ப்பதில்லை. ஆனால் செலவில்லாது போனதனாலோ என்னவோ, கவனமும் இல்லாது போய்விட்டது.

காணி விலைக்குள் மறையும் வீடு

யாழ்ப்பாணத்தில் சொத்தின் விலையைப் பரப்புக் கணக்கில் பேசுகிறோம். ஒரு பரப்பு 10 பேர்ச். 16 பரப்பு ஓர் ஏக்கர். "அந்த ஒழுங்கையில் பரப்பு என்ன போகிறது?" என்பதுதான் முதற் கேள்வி. வீட்டைப் பற்றி வாங்குபவருக்கு எதுவும் தெரியாவிட்டால், பரப்பின் விலையோடு கணக்கு முடிந்துவிடும். வீட்டின் பெறுமதி பூச்சியம். சில வேளை அதற்கும் கீழே போகும். "இடித்து அள்ளுகிற செலவு வேறு இருக்கிறதே" என்று பேரம் பேசுவார்கள்.

எனக்குத் தெரிந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவருக்கு இது நேர்ந்தது. கனடாவில் பிள்ளைகளோடு இருக்கும் அவர் தமது மூன்று பரப்புக் காணியையும் வீட்டையும் விற்க ஒரு தரகரிடம் ஒப்படைத்தார். தரகர் அனுப்பிய விளம்பரத்தில் இரண்டு படங்கள்: கேற், கேற்றுக்கு உள்ளே இடுப்பளவு புல். பல மாதங்களாக வந்த கேள்விகள் எல்லாம் வெறுங்காணிக்கான கேள்விகளே. உள்ளே முதிரைக் கதவுகளும், சிவப்புச் சீமெந்துத் தரையும், நீண்ட விறாந்தையும் கொண்ட உறுதியான வீடொன்று நிற்கிறது என்பதைக் கேட்டவர்களில் ஒருவரும் அறியவில்லை.

பிறகு அவருடைய தங்கையின் மகன் அந்த வேலையைக் கையில் எடுத்தான். கூலிக்கு ஆள் பிடித்துப் புல்லை வெட்டினான். ஆண்டுக் கணக்காக மூடிக் கிடந்த யன்னல்களைத் திறந்து தரையைக் கழுவினான். இரண்டு காலையும் ஒரு மாலையும் ஒதுக்கிப் பதினெட்டுப் படங்கள் எடுத்தான். அவற்றில் ஒன்று குசினிச் சுவரில் ஓடிய வெடிப்பின் படம். ஆசிரியருக்கு அது பிடிக்கவில்லை. "மாமா, வந்து பார்க்கிறவன் எப்படியும் காணத்தானே போகிறான்" என்று மருமகன் பதில் சொன்னானாம். ஈற்றில் கொழும்பில் இருந்து ஊர் திரும்ப விரும்பிய ஒரு குடும்பம், குடியிருக்கும் நோக்கத்துடன் வந்து, வீட்டுக்கும் சேர்த்து விலை பேசி வாங்கியது. அந்த வெடிப்பைப் பற்றிக் கேட்டார்கள்; மேசன் ஒருவரைக் கூட்டிவந்து காட்டினார்கள்; திருத்தச் செலவை மட்டும் கழித்தார்கள். படத்தால் புதிதாக எந்த மதிப்பும் உண்டாகிவிடவில்லை. ஏற்கெனவே இருந்த மதிப்பு கண்ணுக்குத் தெரிந்தது, அவ்வளவுதான்.

வெயிலும் வெளிச்சமும்

நல்ல படத்துக்கு விலையுயர்ந்த கமரா வேண்டும் என்று எண்ணுவது சரியல்ல. இன்றைய கைத்தொலைபேசியே போதும். நேரந்தான் முக்கியம்.

கிழக்கு வாசல் வீட்டின் முகப்பைக் காலையிலும், மேற்கு வாசல் வீட்டின் முகப்பை மாலையிலும் எடுக்க வேண்டும் என்பது எவருக்கும் புரியும். வடக்கு, தெற்கு வாசல் வீடுகளில்தான் பலரும் தடுமாறுவர். யாழ்ப்பாணம் ஏறத்தாழ 9.7 பாகை வட அகலாங்கில் இருக்கிறது. ஏப்ரல் நடுப்பகுதியில் இருந்து ஓகஸ்ட் இறுதி வரை நண்பகற் சூரியன் நம் தலைக்கு வடக்கே நிற்கும். மற்ற மாதங்களில் தெற்கே நிற்கும். ஆகவே வடக்கு வாசல் வீட்டின் முகத்தில் ஜூன், ஜூலை மாதங்களில் வெயில் நன்றாக விழும். மார்கழியில் அதே முகம் நாள் முழுதும் நிழலில் இருக்கும். தெற்கு வாசலுக்கு இது நேர்மாறு. எந்த மாதமானாலும் உச்சி வெயில் ஆகாது. விறாந்தைக்குள் கரிய நிழல் விழுந்து, வீடு வாயை மூடிக்கொண்டு நிற்பதுபோல் தெரியும்.

பருவத்தையும் பார்க்க வேண்டும். கச்சான் காற்று வீசும் மாதங்களில் வளவு காய்ந்து புழுதி பறக்கும். மாரி முடிந்து தை மாதம் பிறக்கும்போது அதே வளவு பச்சையாய் இருக்கும். விடுமுறைக்கு வெளிநாட்டவர்கள் வருவதோ நல்லூர்த் திருவிழாவை ஒட்டிய வறண்ட காலத்தில். அப்போது எடுக்க நேர்ந்தால் இரண்டு நாள் முன்னதாக மரங்களுக்குத் தண்ணீர் விட்டு, முற்றத்தைக் கூட்டித் தெளித்துவிட்டு எடுக்கலாம்.

உள்ளறைகளுக்கு எல்லா யன்னல்களையும் திறந்து, திரைச்சீலைகளை ஒதுக்கி, பிளாஷ் இன்றி எடுக்க வேண்டும். கமராவை நெஞ்சுயரத்தில் நேராகப் பிடிக்க வேண்டும். மேலோ கீழோ சரித்தால் சுவர்கள் விழப்போவதுபோல் தோன்றும். அறையின் மூலையில் நின்று எதிர் மூலையைப் பார்த்து எடுத்தால் அறையின் அளவு விளங்கும். படங்கள் குறுக்குவாட்டில் இருப்பது நல்லது. முகப்பு, விறாந்தை, ஹோல், அறைகள், சுவாமி அறை, குசினி, குளியலறை, பின்வளவு, கிணறு என்று ஒருவர் உள்ளே நடந்து வரும் ஒழுங்கிலேயே அடுக்கினால், பார்ப்பவர் மனதில் வீட்டின் அமைப்பு தானாகவே உருவாகும். ஒழுங்கையின் அகலத்தைக் காட்டும் படம் ஒன்றும் அவசியம். "வளவுக்குள் வாகனம் வருமா?" என்பது எல்லோரும் கேட்கும் கேள்வி.

கிணற்றைப் படம் எடுக்கலாம். தண்ணீரின் சுவையை எடுக்க முடியாது. சுன்னாகம் பகுதிக் கிணறுகளில் எண்ணெய் கலந்ததாக 2014, 2015 ஆம் ஆண்டுகளில் பெருந்தொகையாக முறைப்பாடுகள் எழுந்தபின், கிணற்றைப் பற்றி விசாரிக்காமல் வலிகாமத்தில் எவரும் வீடு வாங்குவதில்லை. அங்கே படத்தோடு தண்ணீர்ப் பரிசோதனை அறிக்கையையும் வைத்திருப்பவர் முந்திக்கொள்வார்.

எடுத்த படங்களை வட்ஸ்அப்பில் படமாகவே அனுப்பும்போது அது அவற்றைச் சுருக்கித் தெளிவைக் குறைத்துவிடும். கோப்பாக இணைத்து அனுப்பினால் மூலத் தரம் கெடாது. இந்தச் சிறு விடயம் தெரியாமல் நல்ல படங்களைக் கெடுத்துக்கொள்பவர்கள் பலர்.

படமும் ஒரு கூற்றே

இதுவரை சொன்னவை எல்லாம் அழகு பற்றியவை. இனிச் சொல்வது நம்பிக்கை பற்றியது. என்னளவில் இதுவே பெரியது.

பிரித்தானியாவில் வீடு விற்கும் முகவர்கள் பிழையான விபரம் தருவதைத் தடைசெய்து 1991 ஆம் ஆண்டில் ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள். சொல்லால் மட்டுமன்றிப் படத்தாலும் ஒரு கூற்றைச் சொல்ல முடியும் என்று அந்தச் சட்டம் எழுத்திலேயே குறிப்பிட்டது. 2013 ஆம் ஆண்டில் அது நீக்கப்பட்டு, பொதுவான நுகர்வோர் பாதுகாப்பு விதிகள் அதன் இடத்தை எடுத்துக்கொண்டன. ஆனால் அதில் இருந்த உண்மை நீங்கிவிடவில்லை. ஓர் அறையின் படத்தை வெளியிடுபவர் "இந்த அறை இப்படி இருக்கிறது" என்று வாக்குக் கொடுக்கிறார்.

பத்திரிகையாளர்களுக்கு இது புதிய பாடமல்ல. 1982 பெப்ரவரி மாதத்து நஷனல் ஜியோகிரபிக் இதழின் அட்டையில், நெடுக்குவாட்டுக்குப் பொருந்த வேண்டும் என்பதற்காக எகிப்தின் கீசா பிரமிட்டுகள் ஒன்றையொன்று நெருங்கும்படி படத்தில் நகர்த்தப்பட்டன. எழுந்த கண்டனம் சிறிதல்ல. ஓரத்தை வெட்டலாம், இருட்டை வெளிச்சமாக்கலாம். இருப்பதை இல்லையென்றும் இல்லாததை இருக்கிறதென்றும் காட்டக் கூடாது. இந்த எல்லையை அன்றைய புகைப்பட ஆசிரியர்கள் எங்களுக்குச் சொல்லித் தந்தார்கள். வீடு விற்பவருக்கும் அதே எல்லைதான்.

அந்த எல்லையை மீறுவது இன்று மிக எளிது. தொலைபேசியில் 0.5 என்று குறிக்கப்பட்ட அகலக் கோண வில்லையால் எடுத்தால் பத்தடி அறை பதினைந்து அடியாகத் தெரியும். வெள்ளவத்தைத் தொடர்மாடி ஒன்றின் மொட்டை மாடியில் ஏறி எடுத்த கடற்காட்சியை, இரண்டாம் மாடி வீட்டின் விளம்பரத்தில் போடுகிறார்கள். வாங்க வந்தவர் பல்கனியில் நின்று பார்த்தால் எதிர்க் கட்டடத்தின் குழாய்கள்தாம் தெரியும். செயற்கை நுண்ணறிவு வந்த பின்னர் வெடிப்பை மறைப்பதற்கும், புழுதி முற்றத்தில் புல்வெளி விரிப்பதற்கும், வெற்றறையில் கதிரை மேசை போடுவதற்கும் ஒரு வரி எழுதினால் போதும். அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் இதற்கென்றே ஒரு சட்டம் 2026 ஜனவரி முதலாம் திகதி நடைமுறைக்கு வந்திருக்கிறது. வீட்டு விற்பனை முகவர்கள் மாற்றியமைத்த படத்தைப் பயன்படுத்தினால் அதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். மாற்றாத மூலப் படத்தையும் பார்க்க வழி செய்ய வேண்டும்.

சட்டத்தைவிடப் பெரிய தண்டனை ஒன்று இருக்கிறது. லண்டனில் இருப்பவர் படத்தை நம்பி, ஊரில் இருக்கும் தம் அண்ணரை வீட்டைப் பார்க்க அனுப்புகிறார். அண்ணர் போய்ப் பார்த்துவிட்டு, "தம்பி, படத்தில் இருந்தது வேறு, இங்கே இருக்கிறது வேறு" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அந்த வீடு அவருக்கு விலைப்படாது என்பது மட்டுமல்ல. உறுதி சரியா, எல்லை சரியா, அற்றோனித் தத்துவம் உண்மையானதா என்று எல்லாவற்றிலும் சந்தேகம் வந்துவிடும். கள்ள உறுதிகளும் போலி அற்றோனித் தத்துவங்களும் மலிந்த நாட்டில் அந்தச் சந்தேகம் நியாயமானதே. அதற்கு நாமே விறகு போடலாமா?

ஆகவே குறைகளையும் படமெடுங்கள். ஒழுகும் மூலை, கறையான் அரித்த நிலை, செல் பட்டுத் திருத்திய சுவர் எல்லாம் இருக்கட்டும். ஒவ்வொரு படத்தின் கீழும் எது, எந்தத் திசை, எந்தத் திகதியில் எடுத்தது என்று ஒரு வரி எழுதுங்கள். பத்திரிகைப் படத்துக்கு அந்த ஒரு வரி எவ்வளவு மதிப்பைக் கொடுக்கிறதோ, அவ்வளவு மதிப்பை இங்கும் கொடுக்கும்.

சொல்லப்படும் மறுப்புகள்

"படத்தைப் பார்த்து எவனாவது வீடு வாங்குவானா? வந்து பார்த்துத்தானே வாங்குவான்" என்று சொல்பவர்கள் உண்டு. உண்மைதான், படத்தை மட்டும் பார்த்து வாங்கக் கூடாது. ஆனால் எந்த வீட்டை வந்து பார்ப்பது என்பதைப் படத்தைக் கொண்டே தீர்மானிக்கிறார்கள். தள்ளிவிட்ட வீட்டை எவரும் தேடி வந்து பார்ப்பதில்லை.

"விற்கிற விடயம் ஊருக்குத் தெரியக் கூடாது" என்பது இரண்டாவது. கண்ணூறு, அயலார் கதை, பங்காளிகளின் கேள்வி என்று பல பயங்கள் இதில் அடக்கம். இவற்றை நான் இழிவாகப் பேசமாட்டேன். ஆளில்லா வீட்டின் உட்புறத்தை உலகுக்குக் காட்டுவதில் உள்ள ஆபத்தும் மெய்யானதே. அதற்கு வழி இருக்கிறது. பொதுவில் நாலு படங்களை மட்டும் வெளியிட்டு, முழுத் தொகுதியையும் உண்மையாக விசாரிப்பவருக்கு மட்டும் அனுப்பலாம். குடும்பப் படங்கள், இரும்புப் பெட்டி, பிள்ளைகளின் முகம் எதுவும் படத்தில் விழக் கூடாது. எடுத்த இடத்தின் அமைவிடத்தைத் தொலைபேசி படத்தோடு சேர்த்துப் பதிந்துவிடும். அதை அகற்றிவிட்டு வெளியிடுவது நல்லது. உறுதியின் படத்தை எக்காரணம் கொண்டும் பொதுவில் போடாதீர்கள்.

வீட்டில் ஒரு பெரியம்மாவோ, வாடகைக் குடும்பமோ இருந்தால் அவர்களிடம் நாளும் நேரமும் கேட்டு, சம்மதம் பெற்று எடுக்க வேண்டும். சொந்தக்காரர் ரொறன்ரோவில் இருந்து கட்டளையிட, தரகர் ஒருவர் திடீரென்று கமராவோடு அறைக்குள் நுழைவது மனிதர்களை அவமதிப்பதாகும்.

"எடுத்துத் தர ஆளில்லை" என்பது கடைசி. கலியாண வீட்டுப் படப்பிடிப்பாளர் எல்லா ஊரிலும் இருக்கிறார். அரை நாளுக்கு அவரை அமர்த்துங்கள். நிறங்களைக் கூட்ட வேண்டாம், அறையை விரிக்க வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ட்ரோன் பறக்கவிடுவதானால் சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையின் விதிகளை அவர் அறிந்தவரா என்று கேட்டுக்கொள்ளுங்கள். அவருக்குக் கொடுக்கும் பணம், பேரத்தின் முதல் நிமிடத்தில் விட்டுக்கொடுக்கும் தொகையோடு ஒப்பிட்டால் ஒன்றுமேயில்லை.

புலம்பெயர்ந்த தலைமுறையின் முதியவர்கள் பலர் இப்போது ஊர் வீட்டை என்ன செய்வதென்ற கேள்வியோடு இருக்கிறார்கள். விற்பதா, வைத்திருப்பதா என்று சொல்ல நான் ஆளல்ல. அது அவரவர் குடும்பத்து விடயம். விற்பதென்று முடிவெடுத்தால், அவர்கள் சிந்திய வியர்வைக்கு உரிய விலை கிடைக்க வேண்டும். வாங்குபவரும் ஏமாறக் கூடாது. இந்த இரண்டும் நடப்பதற்கு முதற்படி, வீட்டை உள்ளபடி, நல்ல வெளிச்சத்தில் காட்டுவதே. அடுத்த முறை ஊருக்கு வரும்போது சூட்கேசை இறக்கிவைத்த மறுநாட் காலையே யன்னல்களைத் திறந்துவிடுங்கள். மற்றதைச் சூரியன் பார்த்துக்கொள்ளும்.